முற்றம் இல்லாத கட்டடத்தில் சாம்பிராணி

ஆயுத பூசை அரசு விடுமுறை நாள். ஆகவே கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் அதற்கு முந்தைய வேலைநாளின் பிற்பகலிலேயே பூசை நடந்து முடிந்துவிடும். தமிழ்நாட்டில் ஒரு பாலிடெக்னிக் பட்டறைக்குள் அன்றைக்கு நுழைந்தால் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். லேத் மெஷின் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிச் சந்தனப் பொட்டு வாங்கியிருக்கும். வாசலில் வாழைக்கன்று, மேசையில் பொரி, கடலை, சுண்டல். மூலையில் குங்குமம் அப்பிய திருஷ்டிப் பூசணி தன் முறைக்காகக் காத்திருக்கும். லேப் அசிஸ்டென்ட் கொட்டாங்குச்சிக் கங்கைத் தூபக்காலில் போட்டு, மேலே ஒரு பிடி சாம்பிராணித் தூள் தூவுவார். புகை முதலில் கருவிகளுக்கு, பிறகு மனிதர்களுக்கு.

கணினி ஆய்வகத்துக்கும் இதே மரியாதைதான். கடையில் 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்றே ஒன்று கிடைக்கிறது. கரிக்கங்கு தேவையில்லாமல் தானாகவே எரிந்து புகையும் கட்டி அது. பெயரைத் தவிர அதற்கும் கணினிக்கும் எந்த உறவும் இல்லை.

இந்தப் புகைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை. ஆனால் உலகத்தின் இன்னொரு கோடியில், ஒரு சிப்பி ஓட்டில் அடங்கும் புகையைப் பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் எழுப்புவதற்கு எழுத்து வடிவில் கொள்கை இருக்கிறது, விண்ணப்பம் இருக்கிறது, அறிவிப்புப் பலகை இருக்கிறது. எங்கே சுதந்திரம் கூடுதல் என்று பார்த்தால் நம் பட்டறைதான் முந்தும். எங்கே பாதுகாப்பு கூடுதல் என்று கேட்டால் பதில் மாறிவிடும்.

கனடாவின் பூர்வகுடிகள் பலரிடம் 'ஸ்மட்ஜிங்' என்ற வழக்கம் உண்டு. புகையிலை, சேஜ், சீடர், ஸ்வீட்கிராஸ் எனும் நறும்புல் ஆகிய நான்கையும் அனிஷினாபே, கிரீ முதலிய மக்கள் புனித மருந்துகளாகக் கருதுகிறார்கள். இவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ கல் கிண்ணத்திலோ சிப்பி ஓட்டிலோ வைத்துக் கனலவிட்டு, எழும் புகையைக் கையாலோ இறகாலோ தலைக்கும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் வாரிக்கொள்வார்கள். சாம்பல் மண்ணுக்குத் திரும்பும். தீபாராதனைத் தட்டின் சுடரை இரு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஒருவருக்கு இந்த அசைவை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கைகளுக்குப் பின்னால் வேறொரு வரலாறு. 1885 முதல் கனடாவின் 'இந்தியர் சட்டம்' மேற்குக் கரையின் பாட்லாட்ச் சடங்கைக் குற்றமாக்கியது. 1895இல் தடை மற்றச் சடங்குகளுக்கும் விரிந்தது. 1951 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. உறைவிடப் பள்ளிகள் என்ற பெயரில் சுமார் 1,50,000 குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, மொழியும் வழிபாடும் மறக்கடிக்கப்பட்டார்கள். இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 செயல் அழைப்புகளை முன்வைத்தது. பல்கலைக்கழகங்கள் ஸ்மட்ஜிங்குக்கு இடம் ஒதுக்குவது இந்தக் கடனைத் தீர்ப்பதன் ஒரு சிறு பகுதி. மனிடோபா பல்கலைக்கழகம் போன்றவை இதற்கெனக் கொள்கையே வகுத்திருக்கின்றன. ஒண்டாரியோவின் புகையில்லாச் சட்டம், பூர்வகுடிகள் தம் மரபுப்படி புகையிலையைப் பயன்படுத்துவதற்கு விலக்குத் தருகிறது.

ஆகவே ஸ்மட்ஜிங்கையும் ஆயுத பூசையையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஒன்று ஒடுக்கப்பட்டவர் திரும்பப் பெறும் உரிமை. மற்றது பெரும்பான்மையின் அன்றாடம், நிறுவனத் தலைவரே முன்னின்று செய்வது. கேட்டுப் பெற வேண்டியிருந்ததால் அவர்களுடைய புகைக்கு விதி எழுதப்பட்டது. நம்முடைய புகை கேட்காமலே நடந்துவந்ததால், ஸ்மோக் டிடெக்டரைப் பற்றியும் சன்னலைப் பற்றியும் ஆஸ்துமா உள்ள மாணவியைப் பற்றியும் கேட்கும் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

நம்மிடம் விதி இருந்ததே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது தாளில் எழுதப்பட்டதல்ல, கட்டடத்தில் எழுதப்பட்டது. செட்டிநாட்டில் அதை இன்றும் நின்று படிக்கலாம்.

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ ஒரு நகரத்தார் வீட்டின் முகப்பில் நின்று பார்த்தால், கதவுகளெல்லாம் திறந்திருக்கும் வேளையில், பார்வை தடையில்லாமல் பின்வாசல் வரை ஓடும். முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், தாழ்வாரம், அதற்குப் பின்னால் மணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய அறைகள். அடுத்து இரண்டாம் கட்டு, அதற்கும் அப்பால் சமையற்கட்டு. அறுபதாம் ஆண்டு சாந்தியின் ஹோமமானாலும் தூபமானாலும் வளவுதான் இடம். அறைக்குள் யாரும் ஹோம குண்டம் வைப்பதில்லை. சூடான காற்று முற்றத்தின் வழியாக மேலே போகும். அந்த இடத்தை நிரப்ப முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் குளிர்ந்த காற்று வரும். காலடியில் ஆத்தங்குடிக் கல். தெறித்த பொறியால் அதற்கு ஒன்றும் ஆகாது. சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. தப்பித்து ஓட வேண்டுமென்றால் கண்ணெதிரே இரண்டு வாசல். இன்றைய தீயணைப்புத் துறை அதிகாரி ஒருவர் சடங்கு நெருப்புக்கு இடம் வரைந்து தந்தால் அதுவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தபோது தேக்குத் தூணும் இத்தாலியப் பளிங்கும் எல்லார் வாயிலும் அடிபட்டன. புகை போகும் வழியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

நெருப்போடு நகரத்தாருக்கு உள்ள நெருக்கத்துக்குச் சான்றாகப் பிள்ளையார் நோன்பு ஒன்றே போதும். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் வேளையில், புதுத் துணியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றுவார்கள். வீட்டின் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் அதைச் சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். 'இழை எடுத்தல்' என்று பெயர். வெளியாள் பார்த்தால் பதறிப்போவார். உள்ளே நடப்பதோ மிக ஒழுங்கான காரியம்: திரி சிறியது, சுடர் சிறியது, கொடுப்பவர் கை பழகியது, வாயை மூடியதும் காற்றில்லாமல் அணைந்துவிடும். வெளிநாடுகளில் குடியேறிய நகரத்தார் வாடகைக் கூடங்களில் கூடி இதே நோன்பைச் செய்கிறார்கள். வளவு இல்லாத இடத்துக்குச் சடங்கைக் கொண்டுபோகும்போது கூடவே கொண்டுபோக வேண்டியவை எவை என்பதை அவர்கள் ஏற்கெனவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதே காரைக்குடியில்தான் ஆய்வகமும் வந்தது. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 'சிக்ரி' என்று ஊர் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. 1947இல் தொடங்கிய அழகப்பா கல்லூரியும் அதைத் தொடர்ந்து வந்த நிறுவனங்களும் சேர்ந்து வளர்ந்த வளாகத்தில் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. வட்டிக்கடைக் கணக்கிலும் பர்மா தேக்கிலும் பெயர் பெற்ற ஊர், மின்கலத்துக்கும் துரு தடுப்புக்கும் மின்முலாமுக்கும் பெயர் பெற்றது. வளவில் வளர்ந்த பிள்ளைகள் மூடிய ஆய்வுக்கூடத்துக்குள் போனார்கள். தூபக்காலும் பின்னாலேயே போகத்தானே செய்யும்?

மின்வேதியியல் கூடம் என்பது சாம்பிராணிக்குச் சற்றும் ஒத்துவராத இடம். நீரில் கரைந்த உப்பினூடே மின்சாரம் பாய்ச்சினால் எதிர்மின்வாயில் பெரும்பாலும் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் அது தீப்பற்றும். பற்றவைக்கக் கற்பூரம்கூட வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத நிலைமின் பொறியே போதும். வேதியியல் கூடங்களில் கருவி கழுவப் பயன்படும் அசிட்டோன், நீரின் உறைநிலைக்கு 20 டிகிரி கீழேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. ஹைட்ரஜன் கூரைக்கு ஏறும், அசிட்டோன் ஆவி தரையில் ஊரும், இரண்டுக்கும் நடுவில் கற்பூரத் தட்டு.

தீ மட்டுமா? நுண்ணெடைத் தராசின் தட்டில் வைத்த சந்தனப் பொட்டு அடுத்த வாரத்து அளவீடுகள் எல்லாவற்றிலும் கூடவே எடைபோடப்படும். திருநீற்றின் பொடி லென்சின் விளிம்பில் போய் ஒட்டினால் எளிதில் வராது. சாம்பிராணி ஒரு பிசின். அதன் புகை குளிர்ந்த பரப்பில் படிந்தால் மெல்லிய பிசுக்காக நிற்கும். கருவிக்குச் செய்யும் மரியாதை கருவியைக் கெடுப்பதாக முடிந்தால் சரஸ்வதிக்கே அது உவப்பாக இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், புகையைக் கையாளும் கலையில் வேதியியல்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வொரு கூடத்திலும் புகைபோக்கிப் பெட்டி நிற்கிறது. கண்ணாடிக் கதவை இறக்கினால் உள்ளிருக்கும் ஆவியை நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இழுத்து வெளியே தள்ளும். அதற்குள் தூபக்காலை வைத்தால் என்ன என்று எந்த மாணவருக்கும் தோன்றும். வைக்கக் கூடாது, கரைப்பான் புட்டிகள் குடியிருப்பதும் அங்கேதான்.

வகுப்பறை, கணினிக் கூடம், கருத்தரங்க அறை ஆகியவற்றில் பிரச்சினை வேறு. அங்கே முற்றத்தின் இடத்தை ஸ்பிளிட் ஏ.சி. பிடித்துக்கொண்டது. அது அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். வெளிக்காற்றைக் கொண்டுவருவது அதன் வேலையல்ல. தூபப் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. ஏ.சி.யின் வலை அவற்றைப் பிடிக்காது, நுரையீரல் பிடித்துக்கொள்ளும். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணிநேர வரம்பு ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 60. மூடிய அறையில் ஒரு கை சாம்பிராணி இந்த இரண்டையும் பொருட்படுத்துவதே இல்லை. கொட்டாங்குச்சிக் கரி வேறு கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு மணமில்லை. இருந்திருந்தாலும் சாம்பிராணி வாசத்தில் தெரியப் போவதுமில்லை.

கணக்கு எளிது. ஒரு மணி நேரத்தில் அறையின் காற்று ஆறு முறை மாறுமானால், புகை அரை மணியில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சன்னல் அடைத்த ஏ.சி. அறையில் காற்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே அளவு குறைய ஆறு மணி நேரம் ஆகும். நான்கு மணிக்குப் போட்ட புகை இரவு பத்து மணிக்குத்தான் விலகும். கனடியப் பல்கலைக்கழகங்கள் ஸ்மட்ஜிங்குக்கு ஏதோ ஓர் அறையைக் கொடுக்காமல், காற்றோட்டம் தனியாக உள்ள அறையைத் தேடி ஒதுக்குவது இதனால்தான். ஒரு துறையின் காற்றுக் குழாயில் ஏறிய புகை மூன்றாம் மாடியில் இன்னொருவர் மேசையில் இறங்கினால், சண்டை சடங்கைப் பற்றியதாக மாறிவிடும். உண்மையில் அது குழாயைப் பற்றியது.

அடுத்தது கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டம். ஸ்மோக் டிடெக்டரில் இரண்டு வகை பரவலானவை. ஒன்றில் ஒளிக்கற்றை, புகைத் துகளில் பட்டுச் சிதறி உணரியில் விழுந்தால் மணி அடிக்கும். மற்றதில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தைப் புகை குலைக்கும். எரியும் வயரையும் எரியும் குங்கிலியத்தையும் இரண்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. மணி அடித்துவிடக் கூடாதே என்று பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போடுவது கைக்கு எட்டிய வழி. போடுவது சுலபம், கழற்ற மறப்பது அதைவிடச் சுலபம். கனடிய நடைமுறைகளில் பொதுவாகக் காணப்படும் ஏற்பாடு இதைவிடக் கொஞ்சம் மெனக்கெடலானது. ஓரிரு நாள் முன்னதாகவே கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அந்தப் பகுதியின் டிடெக்டரை மட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியில் நிறுத்திவைப்பார்கள். நிறுத்திய நேரம் முழுவதும் ஒருவர் அங்கேயே காவல் நிற்பார். முடிந்ததும் மீண்டும் இயக்குவார்கள். வாசலில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை புகைச் சடங்கு நடைபெறும் என்று அறிவிப்பு இருக்கும். ஒத்துக்கொள்ளாதவர் விலகிப் போக அது உதவும்.

தமிழ்நாட்டுக்குச் சடங்கு நடக்கும் இடத்து நெருப்பின் பாடம் புதிதல்ல. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு விழாவின்போது யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரம் ஆண்டாக நிற்கும் கருங்கல்லுக்கு நடுவே, சில நாளுக்காகப் போட்ட கீற்றுப் பந்தல்தான் எரிந்தது. கூட்டம் முண்டியடித்ததில் மிதிபட்டவர்களும் உண்டு. பழைய கட்டடக்காரன் நெருப்புக்கு விட்டுவைத்த இடைவெளியைப் புதிய ஏற்பாடு அடைத்துவிடும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டாம்.

இனி, ஒத்துக்கொள்ளாதவர் யார் என்ற கேள்வி. ஆஸ்துமாக்காரர் மட்டுமல்ல. வான்கூவர் தீவின் போர்ட் அல்பெர்னி ஊரில் 2015இல் ஒரு தொடக்கப் பள்ளி வகுப்பில் நூ-சா-நுல்த் மூதாட்டி ஒருவர் ஸ்மட்ஜிங் செய்து காட்டினார். கிறித்தவரான ஒரு தாய், தன் பிள்ளைகளின் சமய உரிமை மீறப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 2020 ஜனவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பிள்ளைகள் ஒரு பண்பாட்டைக் கண்டு தெரிந்துகொண்டார்கள், வழிபாட்டில் பங்கெடுக்கக் கட்டாயப்படுத்தப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். 2022இல் மேல்முறையீடும் தோற்றது. பார்ப்பதற்கும் பங்கெடுப்பதற்கும் இடையே நீதிமன்றம் போட்ட கோடு நம் பட்டறைக்கும் பொருந்தும்.

இங்கே அந்தக் கோட்டின் வரலாறு வேறு மாதிரி. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. படங்கள் எத்தனை நாள் இறங்கியிருந்தன என்பதை எந்தத் தாலுகா அலுவலகத்துச் சுவரைப் பார்த்தும் ஊகிக்கலாம். அரசு அலுவலகங்களில் ஆயுத பூசை கொண்டாடுவது பற்றிய கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனபோது, பிழைப்புத் தரும் கருவிக்குச் செலுத்தும் மரியாதை என்ற கோணத்தில் அதைப் பார்த்த நீதிமன்றம், மதச்சார்பின்மைக்கு எதிரானதென்று அதைத் தடுக்கவில்லை.

சாம்பிராணி என்ற பொருளுக்கும் இங்கே தனிச் சாதி மதம் கிடையாது. தர்காவில் அதுதான் மணக்கிறது. கடை கடையாகத் தூபம் காட்டிக் காசு வாங்கிப்போகும் பக்கீரின் கையிலும் அதுதான். தேவாலயத்துத் தூபத்தில் குந்திரிக்கம். எண்ணெய்க் குளியலுக்குப் பின் பிள்ளையின் தலைமுடி உலர்வதும் அந்தப் புகையில்தான். ஆனால் புகை பொதுவானது என்பதால் பூசையும் பொதுவானது ஆகிவிடாது. துறைத்தலைவர் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போது, இன்டர்னல் மதிப்பெண் அவர் கையில் இருக்கும் மாணவர், நான் வெளியே நிற்கிறேன் என்று சொல்வது அத்தனை எளிதல்ல. நாத்திகரானாலும் இசுலாமியரானாலும் மூச்சிரைப்பு உள்ளவரானாலும் அவருக்கு நேரும் சங்கடம் ஒன்றுதான். சொல்லாமலேயே விலகி நிற்கும்படி இடமும் நேரமும் அமைந்திருந்தால் இந்தச் சங்கடம் எழாது.

அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதுமில்லை. கார் நிறுத்தும் போர்டிகோ பெரும்பாலான கல்லூரிக் கட்டடங்களில் உண்டு. மேலே கூரை, மூன்று பக்கம் திறப்பு, கீழே சிமென்ட் தரை; மழைக்காலத்து ஐப்பசியில்கூட அது உதவும். படமும் படையலும் அங்கே இருக்கட்டும். கூடத்திலிருந்து கழற்றி எடுத்துவரக்கூடிய ஸ்பானரும் வெர்னியரும் மல்டிமீட்டரும் பூசைக்கு வெளியே வரலாம். நகர்த்த முடியாத கருவிக்குக் கதவிலேயே ஒரு பொட்டும் பூவும் போதும். வீட்டிலும் நிலைவாசலுக்குத்தானே மஞ்சள் பூசுகிறோம்? கற்பூரம் ஓரிரு நிமிடத்தில் மிச்சமின்றி எரிந்துவிடும். கொட்டாங்குச்சிக் கங்கு அப்படியல்ல. மேலே சாம்பல் மூடிக் கறுத்துப்போன பின்னும் உள்ளே மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பூசை முடிந்ததும் அதைக் காகிதக் குப்பையோடு பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டிவிட்டு நான்கு நாள் விடுமுறைக்குப் பூட்டிப் போவது, பூசையின்போது நேரக்கூடிய எதையும்விட ஆபத்தானது. மணல் வாளியில் புதைத்துத் தண்ணீர் ஊற்ற ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். பொதுவாக விட்டால் அட்டெண்டர் லேப் அசிஸ்டென்டைப் பார்ப்பார், அவர் அட்டெண்டரைப் பார்ப்பார்.

இவ்வளவு மாற்றத்துக்கு மரபு இடம் கொடுக்குமா என்று தயங்குவோர் பூசணியைப் பார்க்கலாம். திருஷ்டிப் பூசணியை நடுச்சாலையில் உடைப்பது நீண்டநாள் பழக்கம். சிதறிய துண்டில் டயர் வழுக்கி இருசக்கர வாகனக்காரர்கள் விழுந்தார்கள். சாலையில் உடைக்காதீர்கள் என்று காவல்துறை ஆயுத பூசை தோறும் கேட்கிறது. எல்லாரும் கேட்கவில்லை. ஆனாலும் இப்போது பல கடைகளின் முன்னால், பூசணி வாசற்படியை ஒட்டிய ஓரத்தில் உடைகிறது. குங்குமம் தோய்ந்த சில்லறையைப் பிள்ளைகள் பொறுக்கி முடித்த கையோடு, கடைப் பையன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான்.